மியூட் அக்கா குலுக்கிய குப்பி

எங்கள் மியூட் அக்கா ஒருமுறை தொண்டையைச் செருமினால் போதும், உலகத்தில் உள்ள கிருமிகளெல்லாம் மூட்டை முடிச்சோடு அடுத்த கிரகத்துக்குக் குடிபோய்விடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அக்கா வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போடும் நர்ஸ். மருந்துப் பெட்டியில் ஐஸ் பைகளை அடுக்கிச் சுமப்பது என் வேலை. வந்த புதிதில் அவள் பேசுவது பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்காது. பெயர் அப்படி வந்ததுதான். அழைப்பு மணிவரை விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொள்வாள். நான் எட்டி அழுத்திவிட்டு மாடிப்படிக்கடியில் ஒளிந்துகொள்வேன். கதவு திறந்தபின் பேசாமல் என்ன செய்வாள்? இப்படி ஒரு நூறு கதவு. பிறகு அவளே மணியடித்தாள். எனக்குத்தான் பொழுது போகவில்லை.

ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்த லாரி டிரைவர் மட்டும் மசியவில்லை. மூத்த பிள்ளைக்கு ஊசி போட்டதும் காய்ச்சல் வந்ததாம். ஐந்து தடவை முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். தெருவில் கக்குவான் இருமல் பரவிக்கொண்டிருந்தது. அவர் வீட்டிலோ கைக்குழந்தை. ஆறாம் தடவை மனம் இறங்கினார். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு லாரி எடுப்பேன், அதற்குள் போடாவிட்டால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அங்கே இருந்தோம். குழந்தையின் தொடையைத் துடைத்தாயிற்று. அக்கா குப்பியைக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பால்போலக் கலங்க வேண்டிய மருந்து துகள் துகளாக அடியில் இறங்கியது. உறைந்து கெட்டுப்போயிருந்தது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பை வேர்க்கும்வரை காத்திருந்துதான் பெட்டியில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மருந்தும் உறைந்துவிடும். அன்று காலை எங்கள் சுகாதார நிலைய வாட்ச்மேனின் ஒற்றைச் செருப்பை ஒளிக்கும் அவசரத்தில் நான் காத்திருக்கவில்லை.

"போட்டுடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது" என்று முணுமுணுத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த வீட்டுக்கும் கேட்கும் குரலில் டிரைவரிடம் சொன்னாள்:

"இந்த மருந்து கெட்டுப்போச்சுண்ணே. போட்டாலும் புள்ளையக் காப்பாத்தாது. தப்பு எங்களோடது. பன்னெண்டுக்குள்ள வேற கொண்டு வரேன்."

"கெட்டதைத் தூக்கிட்டு வந்தவங்கள நான் எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேணாம். இருங்க, போதும்."

ஓடினோம். ஃப்ரிட்ஜ் கோளாறாகத்தான் இருக்கும் என்று வழியிலேயே சொல்லிவைத்தேன். 'ம்' என்றாள். சுகாதார நிலையத்தில் புது ஐஸ் பையைக் காதோரம் குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பெட்டியை மூட விடவில்லை. கடிகாரத்தை நான் முறைத்த முறைப்பில் முள்ளே கூசியிருக்கும்.

திரும்பியபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். டிரைவர் கையில் சாவியோடு படியில் நின்றார். குலுக்கிக் காட்டச் சொன்னார். அக்கா குலுக்கி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துகள் இல்லை. ஆனாலும் கையை இறக்க வெகுநேரமாயிற்று. பிறகு உள்ளே போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "போடும்மா" என்றார்.

அக்கா இப்போது வேறு ஊருக்கு, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாள். எனக்கு ஒன்றுமில்லை, நாலு நாளாகச் சாப்பாடுதான் இறங்கவில்லை. நேற்று கூப்பிட்டு, தன் கண்முன்னால் பெட்டியை அடுக்கச் சொன்னாள். எதற்கென்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ அன்னைக்கே பாத்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. நீயா எப்ப வாயத் திறப்பேன்னு நாலு மாசமா காத்துட்டு இருக்கேன்டா."