சம்பியனின் அப்பா

இண்டைக்குப் பின்னேரம் இஞ்ச கனடாவில, ஸ்காபரோ கோப்பிக் கடையில முன்வீட்டு அண்ணை என்னைப் பிடிச்சிட்டார்.

கதை, தொண்ணூறுகளில எல்லாரையும் விழுத்தின அந்த அமெரிக்க பாஸ்கற்போல் ரீமைப் பற்றி.

"என்ன சீசன் அது தம்பி! ஒரு மட்சும் விடாமல் பாத்தனான்!"

அப்ப போன் அடிச்சது. அவரின்ர மகள், பள்ளிக்கூடப் பாஸ்கற்போல் ரீமின்ர கப்டன். ஸ்பீக்கரில போட்டார்.

"அப்பா, வீ வன்! ஃபைனலும் வெண்டிட்டம்! இந்த சீசன் ஒரு மட்சும் தோக்கேல்லை!"

"சரி சரி, கெதியா வீட்ட போய் அம்மாவுக்கு உதவி செய்."

"நீங்கள் பாக்கப் போகேல்லையோ அண்ணை?" எண்டு கேட்டன்.

"பொம்பிளைப் பிள்ளையளின்ர மட்சை ஆர் தம்பி பாக்கிறது?" எண்டிட்டுப் பழையபடி தொண்ணூறுகளுக்குப் போயிட்டார்.

வாற வழியில அந்தப் பிள்ளைக்கு ஒரு கேக் வாங்கினன். தேப்பனுக்கு ஒரு துண்டும் குடுக்கப்படாது எண்டு சொல்லித்தான் குடுக்கப்போறன்.

பிழையோ? சொல்லுங்கோ.