மேனேஜரிடம் சொல்ல ஒரு வரி

இங்கிலீஷ் வாக்கிய அமைப்பு நடத்துவதில் என்னை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இலக்கணம் பேசாதே, செய்து காட்டு என்று பயிற்சிப் பள்ளியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதவுப் பக்கம் நடந்துகொண்டே 'ஐ ஆம் கோயிங் டு த டோர்' என்று சொல்ல வேண்டும். முதலில் டீச்சர், பிறகு ஒரு பிள்ளை, அப்புறம் மொத்த வகுப்பும் ஒரே குரலில். வினைச்சொல்லும் அதற்குப் பின்னால் வரும் 'டு', 'இன்டு', 'ஃப்ரம்' எல்லாமும் கையும் காலும் அசைய அசையப் பிள்ளைகளுக்குள் இறங்கிவிடும்.

தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்பில்தான் மலையேறுவேன். ஒரே ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகும் பன்னிரண்டு பெண்கள் அதில் வருவார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தால் எட்டுப் பேருக்குத்தான் இடம். மடியில் தூக்குவாளி, அதன்மேல் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். பாடத்தை ஒத்திகை பார்க்க எனக்கு வேறு நேரம் கிடையாது என்பதால் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன டீச்சர், மந்திரமா ஓதுறீங்க?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. பாடம்."

"அப்ப எங்களுக்கும் ஓதுங்க. சும்மாதானே போறோம்."

விடுவேனா? ஏறும்போது 'கெட்டிங் இன்டு த ஜீப்', இறங்கும்போது 'கெட்டிங் அவுட் ஆஃப் த ஜீப்'. அவர்களில் மூத்த அக்கா ஒருத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏறுனாலும் கெட்டிங், எறங்குனாலும் கெட்டிங். பின்னாடி ஒட்டுற வால வச்சுத்தான் ஆளு ஏறுறானா எறங்குறானான்னு கண்டுபிடிக்கணுமாக்கும்!" என்றாள். நம் பேச்சில் வினை கடைசியில் வந்து உட்காரும், இங்கிலீஷில் முன்னாலேயே போய் நின்றுகொள்ளும் என்று விளக்கினேன். "அப்ப வெள்ளைக்காரன் என்ன சோலின்னு வெரசாச் சொல்லிப்புடுறான். நாமதான் கடைசி வரைக்கும் இழுக்குறோம்" என்றாள். பயிற்சிப் பள்ளியில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டே அத்தனை பேரும் சேர்ந்து சொல்வார்கள். டிரைவர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கு எதிரே உட்காருகிறவள் என் வயதுக்காரி. எல்லாரும் கத்தும்போது அவளுக்கு உதடு மட்டும் அசையும். ஆவணி மாதம் ஒரு நாள் ஜீப்பில் ஏறுவதற்கு முன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு வரி இங்கிலீசு வேணும். மேனேசர்ட்டப் பேசணும்."

அவளுக்கு மூன்று மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டுமே பச்சைக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிய நாட்களில் கலைந்துபோனவை. காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அங்கே உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலை கிடைத்தால் இந்தப் பிள்ளையாவது தங்கும் என்று நம்பினாள். ஆனால் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கூலிக்கு வருகிறவர்கள் மேனேஜரிடம் நேரே பேசக்கூடாது. வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் போய்ச் சொல்வார். மேனேஜர் மலையாளத்துக்காரர், அவருக்கு மலையாளமும் இங்கிலீஷும்தான் தெரியும், தமிழ் ஒரு சொல்கூட வராது என்று கங்காணி சொல்லிச் சொல்லி எல்லாரும் நம்பியிருந்தார்கள். இவள் இரண்டு தடவை கங்காணியிடம் கெஞ்சியிருக்கிறாள். "அய்யா முடியாதுன்னுட்டாரு" என்று இரண்டு தடவையும் பதில் வந்திருக்கிறது.

இவ்வளவுதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அந்த ஒரு வரியையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'வாண்ட்' போட்டால் அதிகாரமாகத் தெரியும். 'ஆஸ்க்' போட்டால் அதற்குப் பின்னால் 'ஃபார்' வேண்டும், பதற்றத்தில் அது விட்டுப்போகும். கடைசியில் 'சென்ட்' என்று முடிவு செய்தேன். 'சார், ப்ளீஸ் சென்ட் மீ டு த ஸ்டோர்.' யாரை என்பது வினையை ஒட்டி, எங்கே என்பது 'டு' போட்டுக் கடைசியில். 'ஸ்டோர்' என்று சொல்லும்போது கையை நீட்டி அந்தக் கட்டடத்தைக் காட்ட வேண்டும்.

ஆறு நாள் ஜீப்பில் வேறு பாடமே இல்லை. முதலில் நான், பிறகு அவள், அப்புறம் எல்லாரும். இந்த வரிசை பிசகினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவள் நாக்கு திருந்தும்வரை விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தபோதும் விடவில்லை, அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

திங்கட்கிழமை அவள் பேசுவதாக ஏற்பாடு. எனக்குப் பகலெல்லாம் பாடத்தில் மனம் நிற்கவில்லை. சாயங்காலம் ஜீப்பில் ஏறினால் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அவள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மூத்த அக்காதான் நடந்ததைச் சொன்னாள்.

கங்காணி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இவள் ஆபீஸ் வாசலுக்குப் போயிருக்கிறாள். தனியாக விட மனமில்லாமல் மற்ற பதினோரு பேரும் பின்னால் போய் நின்றிருக்கிறார்கள். மேனேஜர் வெளியே வந்ததும், இவள் கையை நீட்டி, துளிப் பிசகில்லாமல் சொல்லிவிட்டாள். சொல்லி வாயை மூடவில்லை, பின்னால் நின்ற பதினோரு பேரும் கையை நீட்டி ஒரே குரலில், "சார், ப்ளீஸ் சென்ட் மீ டு த ஸ்டோர்!"

"வேணும்னு சொல்லல டீச்சர். அவ சொன்னா நாங்க சொல்லணும்ல? வாயில தானா வந்துருச்சு."

அடக் கடவுளே! சத்தம் கேட்டு ஓடி வந்த கங்காணி, "அய்யா, சங்கம் கட்டிட்டாளுக!" என்று அலறியிருக்கிறார். மேனேஜர் அவரைக் கையமர்த்திவிட்டு, "எல்லாரும் ஸ்டோருக்குப் போனா காய் எடுக்க ஆரு போகும்? என்ன காரியம், தமிழ்லயே சொல்லு" என்றாராம்.

"தமிழு தெரியுமாம் டீச்சர் அந்த மனுசனுக்கு! அஞ்சு வருசமா அவரு மூஞ்சிக்கு நேரா என்னென்ன பேசிருக்கோம், அம்புட்டையும் கேட்டுக்கிட்டுல்ல இருந்துருக்காரு!"

இவளிடம் தமிழில் ஒரு வரியும் தயாராக இல்லை. நீட்டிய கையை மடக்கி வயிற்றில் வைத்துக்கொண்டாளாம். பிறகு, "ரெண்டு தங்கலய்யா. இதையாச்சும் விட்டு வைங்க" என்றிருக்கிறாள். மேனேஜர் கங்காணியைத் திரும்பிப் பார்த்து, "உடம்பு வணங்காதவள்னு அல்லவா நீ சொன்னது?" என்று கேட்டாராம். அன்று மதியமே அவளை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "அப்ப நான் ஆறு நாள் தொண்டை வறளக் கத்துனது தண்டமா?" என்று கேட்டே விட்டேன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. தமிழ்ல பேசுறதுன்னா நான் அந்த வாசலுக்கே போயிருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

பங்குனியில் போடி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போனேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் பக்கத்தில் கிடந்த துணியை விலக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க டீச்சர். பத்து மாசமும் முழுசா இருந்துருக்கா."