கரி டப்பாவுக்கு ஓர் இடம்

ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்தினால் போதும் என்றுதான் ஆரம்பித்தோம். தாராபுரம் தாண்டி எங்கள் தோப்புக்குப் போகிற தடத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். போகும்போதும் வரும்போதும் வண்டியின் அடிப்பக்கம் அதில் உரசும், நான் பாறையைத் திட்டுவேன். பாறையைத் திட்டிப் பிரயோசனமில்லை, வண்டியைத் தூக்கிவிடலாம் என்றாள் மகள். திருப்பூர் நல்லூரில் எனக்குச் சின்னதாக ஒரு பனியன் செக்கிங், பேக்கிங் யூனிட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டியதும் முன்னாலிருக்கிற தகர ஷெட் எங்கள் ஒர்க்‌ஷாப் ஆகிவிடும்.

அவள் மெக்கானிக்கல் படித்தவள். நான் பத்தாவதோடு நின்றவன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் நடுநடுவே கத்துவதும் என் வேலை.

புது ஸ்பிரிங்கும் நீளமான ஷாக் அப்சர்பரும் மாட்டிப் பார்த்தால், பின்பக்கத்து ஷாக் போய் ஒரு கறுப்பு டப்பாவில் இடித்தது. உள்ளே கரி நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. டேங்கில் கிளம்புகிற பெட்ரோல் ஆவி காற்றில் கலந்துவிடாமல் அது பிடித்துவைத்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். பக்கத்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அதைக் கழற்றி வீசிவிட்டு, அதற்குப் போகிற ரப்பர் ஓஸில் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. சாயப்பட்டறைத் தண்ணியை ஆற்றில் விட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள் என்று ஒரே பேச்சில் என் வாயை அடைத்துவிட்டாள் மகள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவுக்கு இடம் தேடினோம். பேக்கிங் அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி, வண்டிக்கு அடியில் இங்கே வைத்துப் பார்ப்பதும் அங்கே வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். சூடான சைலன்ஸர் பக்கம் கூடாது, கல் தெறிக்கிற இடம் கூடாது. கடைசியில் சேஸிஸுக்கு உட்பக்கம் ஒரு மூலை கிடைத்தது. மூன்று ஓஸையும் நீட்ட வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே கறுப்பு, ஒரே கனம். எது எங்கே போகிறது என்று தெரிய, பனியன் கவரில் ஒட்டுகிற சைஸ் ஸ்டிக்கர்களை யூனிட்டிலிருந்து கொண்டுவந்து ஓஸ்களின் முனையில் எஸ், எம், எல் என்று ஒட்டினாள். திருப்பூர்க்காரர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும் என்று சிரித்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள், எனக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. "அப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கறேன்." பையன் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தெற்கத்திப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், வேறு சாதி. பையன் எப்படி என்று நான் கேட்கவில்லை. சாதியைத்தான் கேட்டேன். பதில் வந்ததும், இந்த ஊட்டில் இனி உனக்கு இடமில்லை என்றேன். அவள் மெதுவாக வெளியே வந்து, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். ஊத்துக்குளியில் குடியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. நான் பேசுகிறவரைக்கும் தானும் மகளிடம் பேசுவதில்லை என்று என் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெரிய மனுசன் நான்.

எட்டு மாதம் ஜீப் அப்படியே நின்றது. யூனிட்டைத் திறக்கும்போதும் பூட்டும்போதும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. அவள் வராமல் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி வர வேண்டும், ஆனால் நான் கூப்பிடாமலே வர வேண்டும். இதுதான் என் ஆசை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அடியில் படுத்து மிச்ச வேலையை முடித்தேன். பெட்ரோலும் எண்ணெயும் பட்டு ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்திருந்தன. தோன்றியபடி ஓஸ்களைச் சொருகிவிட்டேன். ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாசம் அடித்தது. ஒவ்வொரு ஓஸாகக் கழற்றி ஊதிப் பார்த்தாலே எது எதென்று தெரிந்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்குப் போன் பண்ண ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

மத்தியானச் சோறு கொண்டுவந்த மனைவி ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் மகளைப் போனில் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க" என்றாள் மகள்.

எங்கள் பக்கம் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்க என்போம். என் மகள் மட்டும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை வா, போ என்றுதான் சொல்வாள். சொந்தக்காரர்கள் குறை சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்த ஒரு 'ங்க'வில் நான் வெளியாள் ஆகிவிட்டேன். ஆனாலும் ஓஸைப் பற்றித்தான் கேட்டேன்.

"மேல இருக்கறது எஸ்ஸு, டேங்க்ல இருந்து வர்றதுங்க. நடுவால இருக்கறது எம்மு, அது இன்ஜினுக்குப் போகுதுங்க. கீழ இருக்கற எல்லு காத்துக்குங்க, அதை மட்டும் அடைச்சுராதீங்க." ஒன்றையும் மறக்கவில்லை. பெட்ரோல் வாசம் போகும்வரை ஷெட்டில் சுவிட்ச் போட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அதோடு முடித்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "வண்டி ரெடியாயிரும் கண்ணு. தோப்புக்கு ஒரு நடை போலாம், வர்றியா?"

அவள் கேட்டாள்: "நான் மட்டுமுங்களா?"

ரெண்டு பேரும் வாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் காத்திருந்தாள். எனக்காக நன்றாகவே காத்திருந்தாள். நான் காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டேன். "சரிங்க, வெச்சர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பேசியதை மட்டும் கேட்டிருந்த மனைவி பக்கத்தில் வந்து, "வர்றேன்னு ஏதாச்சும் சொன்னாளுங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஓஸைப் பற்றி மட்டும்தான் பேசினாள் என்றேன்.

நான் பேசியாயிற்று, இனி நீயும் பேசலாம் என்று மறுநாள் போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "அவளுக்கே வேண்டாமாட்ட இருக்குது, நான் எதுக்குங்க பேசோணும்?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு மகள்மேல் கோபம். எட்டு மாதம் வராத கோபம். அது என்மேல் வர வேண்டியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறக்காமல், மூன்று வேளையும் அவள் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறேன்.