தொட்டியில் மிஞ்சிய பன்னிரண்டு கட்டிகள்

ஃபிஜி நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த அந்த வருடம், தலைநகர் சுவாவில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் அக்காவும். கூடப்பிறந்தவர் அல்ல, லம்பாசா பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். நான் அங்கே இயந்திரத்தை ஓட்டுபவன். பெரும்பாலும் ஃபிஜி ஹிந்தியில்தான் பேசுவோம். மேலதிகாரியைப் பற்றிப் பேச மட்டும் தமிழ்.

கரும்புச் சக்கையை எரித்த சாம்பலை சிமெண்டோடு கலந்தால் காங்கிரீட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது அவர் வேலை. கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் மூன்று மாதம் ஊறவிட்டு, பிறகு இயந்திரத்தில் நசுக்குவோம்.

நம்மவர்கள் பலரும் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம்; அக்காவும் நியூசிலாந்து விசா கிடைத்ததும் பத்தே நாளில் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். தொட்டியில் பன்னிரண்டு கட்டிகள் மிச்சம். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் ஓர் ஆங்கில எழுத்து. கம்ப்யூட்டரில் பார்த்தால் ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’, ‘இதுதான் சரி’ என்று கோப்புகள். ‘எல்’ என்றிருந்தவற்றை லம்பாசா சர்க்கரை ஆலைச் சாம்பல் என்று நானே பதிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்திலிருந்து கூப்பிட்டார்.

“எல்னா லம்பாசாதானே, அக்கா?”

“இல்ல தம்பி. லஞ்சுக்கு அப்புறம் கலந்தது. அன்னிக்கு மழ, சாம்பல் ஈரமாப் போச்சு. அதான் தனியா குறிச்சு வச்சேன்.”

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் தவறு அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: எந்தச் சாம்பல், எவ்வளவு தண்ணீர், எந்த நாள், யார் கலந்தது. இரண்டு கட்டிகள் மட்டும் அவருக்கு நினைவில்லை.

“குத்துமதிப்பா போட்டுடவா?”

“வேணாம். தெரியலன்னே எழுது.”

அந்த இரண்டையும் அறிக்கையில் சேர்க்கவில்லை. கோப்புகளுக்கெல்லாம் விளங்கும்படி பெயர் வைத்தேன். அதன் பிறகு, விவரத்தாள் நிரப்பாமல் யாருடைய கட்டியையும் நான் தொட்டியில் இறக்க விடவில்லை. கொஞ்ச நாள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆக்லாந்தில் அக்காவுக்குப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைதான் கிடைத்திருந்தது. மறுவருடம் ஒரு கட்டுமானப் பரிசோதனைக்கூடம் நேர்காணலுக்கு அழைத்து, செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்டது. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, நோட்டை நகலெடுத்து அனுப்பினேன்.

“ஒவ்வொரு பக்கமா பொரட்டிப் பாத்தாங்க,” என்றார் போனில். “திங்கக்கிழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க, தம்பி.”

அன்றைக்கு வேலையைப் பற்றி வேறெதுவும் பேசவில்லை. மகளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அந்த ஊர்க் குளிரைப் பற்றியும் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.