சோத்துக்கைப் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் ஸ்பானரைத் தூக்குவேன். யார் மேலும் எறிய அல்ல, எதையாவது கழற்ற. அந்த வாரம் வந்த கோபத்துக்கு என் காடியின் முன்பக்கமே கழன்று வாசலில் கிடந்தது.

காடி என்னுடையது. இரண்டு கதவு, இரண்டே சீட்டு, தரையோடு படுத்துக்கொண்டு ஓடும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடி. கல்யாணத்துக்கு முன்பே செம்பனை ஆலையில் கிராணியாகக் கணக்கு எழுதிச் சம்பாதித்து வாங்கியது. புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் சாலையைப் பழக்குலை ஏற்றும் லோரிகள் குழி குழியாக ஆக்கி வைத்திருந்தன. அதில் ஓடி ஓடித் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கினாலே 'லொடக் லொடக்' என்று சத்தம். நாங்கள் வருவது தெருமுனையிலேயே நாய்க்குத் தெரிந்துவிடும்.

என் கணவருக்கு அது மானப்பிரச்சினை. "வித்துடலாம்மா. சபாக்ல ஒரு பாய் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து பாக்க சொல்லிட்டேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றோம். பாய் வருவதற்குள் சத்தம் நின்றால் காடி எனக்கு. நிற்காவிட்டால் சாவி பாய்க்கு.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. குலுக்கலைத் தாங்கும் புது அப்சோபர், கட்டையான ஸ்பிரிங், டயரைப் பிடிக்கும் ஆர்முக்கு ரப்பர் புஷ், வளைவில் காடியைச் சாயவிடாத ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை காலையில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டபோது மனிதர் ஒவ்வொரு பெட்டியிலும் விலைச்சீட்டைத் தேடினார். புதுத்துணி எடுத்த தீபாவளிப் பிள்ளை மாதிரி எனக்குக் கை பரபரத்தது.

ஜேக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைக் கழற்றினேன். துருப்பிடித்த போல்டுகள் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டன. எண்ணெய் அடித்துக் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு சுத்தியலால் மிஞ்சினேன். பழைய அப்சோபரை அழுத்தினால் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. புதியதோ என் கையையே மேலே தள்ளியது. "பாருங்க, பாருங்க, எப்படி முட்டுது!" என்று கத்தினேன். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ம்" என்றார். பழைய புஷ்ஷின் ரப்பர் பிய்ந்து தொங்கியது. ஆர்மைப் பட்டறைக்கு எடுத்துப்போய் புதுப் புஷ்ஷை அமுக்கி வாங்கி வந்தவர் அவர்தான். பந்தயத்தில் எதிராளி, வேலையில் கூட்டாளி. அதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிறு மதியம் எல்லாம் மாட்டியாகிவிட்டது. டயர் தரையில் ஊன்றி, காடியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இருந்த லிங்க் நட்டுகளில் ஒன்றை முறுக்கி முடித்ததும் தோள் விட்டுப்போனது.

"சோத்துக்கைப் பக்கம் முடிச்சிட்டேன். அந்தப் பக்கம் நீங்க முறுக்குங்க" என்றேன். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போக, அவரும் போய் முறுக்கினார்.

ஓட்டிப் பார்த்தேன். வளைவில் காடி சாயவே இல்லை. நினைத்த இடத்தில் திரும்பியது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு தனியாகக் கூவினேன். பள்ளிக்கூடத்து முன்னால் உள்ள வேகத்தடை பம்ப் வந்தது.

'டொக்.'

இன்னொரு முறை ஏற்றி இறக்கினேன். மறுபடியும் 'டொக்.' எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து மேல் நட்டையெல்லாம் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் பாய் வந்து இறங்கிவிட்டார்.

நல்ல மனிதர். சபாக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று கறி வைத்த முர்தபா ரொட்டிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கணவர் தேத்தண்ணி கலக்கி வைத்தார். துக்கம் துக்கம்தான், பசி பசிதானே. பிய்த்து வாயில் போட்டேன்.

கடைக்காரர் கண் அல்லவா? "தங்கச்சி, சோத்துக்கையால சாப்பிடுமா" என்றார் அன்பாக.

"எனக்கு இதுதான் பாய் சோத்துக்கை" என்று இடது கையைக் காட்டினேன். பிறந்த வீட்டில் என்னோடு போராடிச் சலித்துப்போய், என் இடது கையையே என் சோத்துக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கும் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கணவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்போ நீ முறுக்கினது எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கந்தான். லெப்ட்."

"அடிப்பாவி! நானும் லெப்டதானே முறுக்கினேன்! நீ ரைட்ட முடிச்சிட்டேன்னுல நெனச்சேன். ஏற்கெனவே கெட்டியா இருந்துச்சேன்னு பாத்தேன் லா!"

முர்தபாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வலப்பக்க லிங்க் நட்டு விரலாலேயே சுழன்றது! அதை இறுக முறுக்கினேன். "பாய், அஞ்சு நிமிஷம்!" என்று கூவிவிட்டு, கணவரை டிரைவர் சீட்டில் தள்ளி, பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவர் காதே சாட்சி சொல்லட்டும்.

பள்ளிக்கூடத்துப் பம்ப். சத்தம் இல்லை. லோரிக் குழிகள். அங்கேயும் மூச்சு காட்டவில்லை. திரும்பிவிடுவார் என்று பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் சாலையில் விட்டார். செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் விர்ரென்று ஓட, அவர் குழிகளைத் தேடித் தேடி இறக்கினார்.

"பாய் காத்திருக்காருங்க."

"இரும்மா, அங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாய் வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் தெருமுனை திரும்பியதிலிருந்தே காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். "சத்தமே இல்லியே! நல்லாப் பாத்து வெச்சிருக்கீங்க. சாவி குடுங்க தம்பி, நானும் ஒரு சுத்து போறேன். புடிச்சிருந்தா இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்" என்று கையை நீட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அதை 'அந்தத் தகரம்' என்று மட்டுமே சொல்லிவந்தவர், சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க பாய். கேக்காம உங்கள வரச் சொல்லிட்டேன். இது என் பொண்டாட்டியோட காடி."