வெடிப்பின் மேல் விரித்த பாய்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் நமுனுகுல மலைச் சரிவில் இருக்கிறது. அடைமழையில் எங்கள் ஒற்றை அறை வீட்டின், காம்பராவின், தரை நீளமாக வெடித்துவிட்டது. மண் சரியும் அபாயம் உள்ள எந்தக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுப்பதென்று பார்க்க, பதுளையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார்.

வீட்டுக்கு வருகிறவருக்கு வெடித்த தரையையா காட்டுவது? அதன் மேல் நல்ல பாயை விரித்தேன். மாரியம்மன் படத்துக்குப் பூ வைத்தேன்.

அவர் நடுவில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலு பக்கமும் எடுத்தார். கூரையையும் எடுத்தார்.

"எல்லாத்தையும் ஒட்டினா உருண்டையா ஒரே படம்ங்க அக்கா. ஆபீஸ்ல இருந்தே உங்க வீட்டுக்குள்ள நின்னு பாக்குற மாதிரி இருக்கும். தரையை எடுக்காட்டி கீழ ஓட்டையா தெரியும்" என்று சொல்லி, ஸ்டாண்டை நகர்த்திவிட்டுக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தார்.

"பாயைத் தூக்கு புள்ள" என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்.

"சும்மா இருங்க, மானம் போகுது" என்று நான்தான் அதட்டினேன்.

வேறிடம் கொடுக்கும் பட்டியலில் பக்கத்து வீடுகள் இருந்தன. எங்கள் வீடு இல்லை. பதுளை ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். "படத்துல தரை நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பாய்க்குக் கீழே வெடிப்பு இருக்கிறதென்று சொல்லியும் மறுபடி பார்க்க யாரும் வரவில்லை.

பாய் நடுவில் குழிந்துகொண்டே போகிறது. மழை இருட்டினால் அம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். மறைத்தவள் நான்; காப்பாற்று தாயே என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.