மூக்குக்காகக் கொடுத்த முடி

பெங்களூரில் கால் சென்டர் வேலை கிடைத்தபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டது என் மூக்குதான். அமெரிக்காக்காரர்களிடம் போனில் பேசும் வேலை. பேசுகிறவன் எவனுக்கும் என் மூக்கு தெரியாது. இருபத்துமூன்று வயதில் முதல் தடவையாக மூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது.

கண்ணுக்கு நடுவில் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கும். பாதி வழியில் அதற்கு என்ன தோன்றுமோ, நுனிக்கு வந்ததும் ஒரு போண்டா உட்கார்ந்திருக்கும். திருப்பதியில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் எனக்குப் பெயரே போண்டாதான். தெலுங்குப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

இது அம்மாவின் மூக்கு, அச்சு அசல். ஆனால் அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை, ஏனென்றால் அம்மாவுக்கு முடி இருந்தது. முழங்காலைத் தொடும் முடி. கார்வேட்டிநகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட காலத்திலும், பிறகு திருப்பதிக்கு வந்து லாட்ஜில் ரூம் பெருக்கிய காலத்திலும், அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் முடியைப் பார்த்தார்கள். மூக்கு வரைக்கும் யாரும் வந்து சேரவில்லை. எனக்கு மூக்கை மட்டும் கொடுத்துவிட்டு முடியைத் தானே வைத்துக்கொண்டாள். எனக்கு வாய்த்தது எலிவால்.

மூன்றாவது மாதச் சம்பளம் வந்ததும் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். மூக்குத் துவாரத்துக்கு உள்ளே வெட்டி, உள்ளேயே தையல் போட்டு, நுனியைச் சின்னதாக்கிவிடுவார்களாம். வெளியே தழும்பே தெரியாதாம். அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தழும்பு தெரியாது என்றால் யாருக்குமே தெரியாது, வீட்டில் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். போண்டா போன இடத்தில் வேறு மூக்கு இருப்பதைப் பெற்ற தாய் கண்டுபிடிக்க மாட்டாளா என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. சந்தோஷம் வந்தால் புத்தி லீவு போட்டுவிடும்.

டாக்டரிடம் போனேன். அவர் வடநாட்டுக்காரர், நல்ல மனிதர். ஒரு தாளில் என் மூக்கைப் பக்கவாட்டில் வரைந்து, எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று கோடும் அம்பும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை ஒரு நாளைக்குப் பத்து தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நுனியை விரலால் மறைத்துக்கொண்டு எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

பொங்கலுக்குத் திருப்பதி போனபோது துணி துவைக்கப் பையைக் கவிழ்த்த அம்மாவின் கையில் அந்தத் தாள் சிக்கியது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தான் சுமந்துகொண்டிருக்கிற மூக்கு தெரியாதா.

"இன்னாடி இது, நம்ம மூக்கு மேல சர்வே போட்டு வெச்சிக்கிறாங்க?"

பொய் சொல்ல வாயெடுத்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கத்தி படற விசயம். நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடறோம்னு வேண்டிக்கினேன்."

"யாருக்கும்மா மொட்டை?"

"உனுக்குத்தான். மூக்கு உன்னுதுதானே?"

அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் நடந்தது மார்க்கெட் பேரம்தான். மொட்டைத் தலையில் புது மூக்கை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? பெண்கள் மூன்று இடத்தில் மட்டும் கத்தரித்து முடி கொடுப்பதும் உண்டே, அது போதாதா என்றேன். சாமியிடம் மொட்டை என்று சொல்லியாயிற்று, இனிமேல் குறைத்தால் அவர் என்ன நினைப்பார் என்றாள். உன்னை யார் வேண்டிக்கொள்ளச் சொன்னது என்றேன். உன்னை யார் மூக்கை அறுத்துக்கொள்ளச் சொன்னது என்றாள். நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

கடைசியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவரிடம் நியாயம் கேட்கப் போனோம். அவர் கோயிலில் கைங்கரியம் செய்கிற ஐயங்கார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, என் மூக்கை ஒரு தடவையும் அம்மாவின் மூக்கை ஒரு தடவையும் பார்த்தார்.

"கைக்குழந்தைன்னா அம்மா வேண்டிண்டு குழந்தை தலையைக் கொடுக்கலாம். இவ சம்பாதிக்கற பொண்ணு. இவ தலையை நேர்ந்துக்க உனக்கு என்னம்மா பாத்யதை இருக்கு? வேண்டிண்டவா தலைதான் போகணும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு படியிறங்கினேன். அம்மா பின்னாலேயே மெதுவாக வந்தாள். "சரி சாமி" என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. மூக்கு நல்லபடியாக முடிந்த பிறகுதானே அம்மாவுக்கு மொட்டை, அதற்குள் எப்படியாவது பேசி மூன்று கத்தரிப்புக்கு இறக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன்.

ஆபரேஷன் தேதி குறிக்க வரச்சொன்ன நாளுக்கு, கூட இருப்பதற்காக அம்மாவும் பெங்களூர் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடு தேடு என்று தேடினேன். சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை கையை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. மூக்கைப் பார்த்துத்தான் அம்மா என்று கண்டுபிடித்தேன்.

"இன்னாம்மா இது? இன்னும் எதுவுமே ஆகலியே."

"ஆன பெறகு குடுத்தா அது கூலிடி. மின்னாடியே குடுத்தா அட்வான்சு. அட்வான்சு வாங்கிக்கினவன் வேலைய உட்டுட்டுப் போமாட்டான். உனுக்கு ஒண்ணும் ஆவாது, வா."

உலகம் முழுக்கக் காரியம் முடிந்த பிறகு மொட்டை போடும். என் அம்மா பெருமாளையே கைநீட்டி வாங்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளோ ஆட்டோவில் காற்றுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு, "ஜில்லுனு கீதுடி, இத்தினி வருசம் இது தெரியாம போச்சே" என்று சிரித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என் மூக்கை விட்டுவிட்டு, மிகவும் தணிந்த குரலில் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், உங்கள் அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, தைரியமாக இருங்கள் என்று. அவருக்கு அது நோயில் கொட்டிய முடி. அம்மா என் கையை இடித்து "இன்னா சொல்றாரு?" என்றாள்.

இல்லை, நோய் இல்லை என்று சொன்னேன். அப்புறம் ஏன் என்று அவர் முகம் கேட்டது. கால் சென்டரில் பழகிய அதே இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: என் மூக்குக்காக என் அம்மா தன் முடியைக் கொடுத்துவிட்டாள்.

மூக்குக்கு முடி என்ற பேரம் தமிழில் இரண்டு வாரமாக எங்களுக்குச் சிரிப்பாக இருந்த விஷயம். ஒரு அந்நியரிடம் இங்கிலீஷில் சொல்லும்போது அவமானமாக இருந்தது. அவளிடம் அழகு என்று இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் போய், என் மூக்கு நுனியில் ஒரு கடலை அளவு குறைவதற்காக உட்கார்ந்து மழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டர் காலண்டரைத் திருப்பி, எந்த வாரம் சௌகரியம் என்று கேட்டார். அம்மாவுக்கு முடி வளரட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திருப்பதி பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை. சித்தூரில் டீ வாங்கிக் கொடுத்ததும் வாயைத் திறந்தாள்.

"அப்ப எம்முடி தண்டமா? அவுருகிட்ட நா இன்னா சொல்றது?"

"வேற எதையாவது கேட்டுக்கோம்மா."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அம்மா டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, "உன் தம்பி விசாக்கு மாத்திக்கட்டா?" என்றாள். தம்பி இன்ஜினியரிங் முடித்தவன். அமெரிக்கா போகிறேன் என்று இரண்டு தடவை சென்னைக்குப் போய், இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவன். மாற்றிக்கொள் என்றேன். அங்கேயே பஸ்ஸில் உட்கார்ந்தபடி கைகூப்பி, என் மூக்கை எடுத்துவிட்டு அவன் விசாவை வைத்தாள். மூன்றாவது தடவை போனான், கிடைத்துவிட்டது. தெருவுக்கே லட்டு கொடுத்தாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, மொட்டைத் தலையைத் தடவிக் காட்டிக் கதை சொன்னாள்.

அதெல்லாம் ஆகி ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவின் முடி இடுப்பைத் தாண்டிவிட்டது, என் போண்டா அப்படியே இருக்கிறது. தம்பி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், அங்கேயே வீடு வாங்கினான். ஒரே ஒரு தடவை வந்தான், பத்து நாள் இருந்தான். பேத்தியை அம்மா இன்னும் தூக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். போன வாரம் நான் திருப்பதியில் இருந்தேன். வேலை இருக்கிறது என்று அவன் சீக்கிரமே வைத்துவிட்டான். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என் மூக்கைப் பார்த்தாள்.

"பேசாம நீ மூக்கையே செஞ்சிக்கினு இருந்திருக்கலாம்டி" என்றாள்.